ஓமம் மணத்த அலமாரி

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் நல்லது. லிஃப்டுக்குப் பயம், நாய்க்குப் பயம், தொலைபேசி மணிக்குப் பயம், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எவருக்கும் பயம். இப்படிப்பட்ட ஒருத்தி, சிட்னியில் ஒரு பெரிய நூலகத்தின் சேகரிப்புப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் முன்பின் தெரியாதவர்களின் கதவைத் தட்டிச் சம்பளம் வாங்கினாள் என்பதை நினைத்து என் கணவர் இன்னும் சிரிப்பார்.

போன மாதம் நிஷாந்தி கூப்பிட்டாள். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் அதே பிரிவில் சேர்ந்தவள். இப்போது குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கிறாள். பழைய இசைத்தட்டுகளை எல்லாம் கணினியில் ஏற்றுகிறார்களாம். ஒரு பெட்டிக்குள் தட்டோடு சேர்த்து ஒரு மஞ்சள் துண்டு கிடந்ததாம், பென்சிலில் என் கையெழுத்து.

“அன்ரி, ‘இரண்டாம் பக்கம் எங்கள் அலமாரியில் இளகிவிட்டது, தவறு என்னுடையது’ எண்டு எழுதியிருக்கு. ஹூ ரைட்ஸ் தட்? இப்ப நாங்கள் ‘ஏற்கெனவே இருந்த சேதம்’ எண்டு ஒரு கட்டத்திலை டிக் பண்ணிப்போட்டுப் போயிடுவம்” என்றாள்.

எந்தத் துண்டு என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இவ்வளவு காலம் கழித்தும் அப்படி. அன்று அவளுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஆங்கிலத்தில் நடந்த பேச்சுகளை எங்கள் பேச்சிலேயே எழுதிவிடுகிறேன். எனக்கு அவை அப்படித்தான் நினைவில் நிற்கின்றன.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பென்டில் ஹில்லில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். கணவர் பிளாக்டவுன் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பின்னேர வேலை செய்தார். நான் வேலையால் வந்து வாசலில் ஏற, அவர் பிள்ளையை என் கையில் தந்துவிட்டு இறங்குவார். ஊரில் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த அனுபவத்தை வைத்து எனக்கு இந்த நூலகத்தில் இடம் கிடைத்தது. ஆறு மாதம் தகுதிகாண் காலம். அந்த ஆறு மாதத்துக்குள் ஏதாவது பிழை செய்தால் வேலை போகும், வேலை போனால் எங்களை ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நான் நம்பினேன். அப்படிச் சட்டம் ஒன்றும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. தெரியாத காலத்தில் அது எனக்குச் சட்டமாகவே இருந்தது.

பயிற்சி இரண்டு வாரம்தான். மேலதிகாரி ஹார்வி என்பவர். அறுபதை நெருங்கியவர், முன்பு இராணுவத்தில் இருந்தவர் என்று சொல்வார்கள். ஆனால் குரலை உயர்த்தி ஒருநாளும் கேட்டதில்லை. கோபம் வந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி, முகம் எங்களைப் பார்க்கும்படி மேசையில் வைப்பார். அவ்வளவுதான். அதைக் கழற்றும்போது வார் கொக்கி ‘டிக்’ என்று விடுபடும். அந்தச் சத்தத்துக்கும் எனக்குப் பயம்.

அவருக்குப் பிராணன் என்றால் அது பற்றுச்சீட்டுப் புத்தகம். யாருடைய வீட்டிலிருந்து எதை எடுத்தாலும் அங்கேயே உட்கார்ந்து மூன்று பிரதி எழுத வேண்டும். வெள்ளை, பொருளைத் தந்தவருக்கு. மஞ்சள், பொருளோடு பெட்டிக்குள் போகும். இளஞ்சிவப்பு, புத்தகத்திலேயே இருக்கும். அதை வெள்ளிக்கிழமைகளில் ஹார்வி வரி வரியாக வாசிப்பார். பொருளின் நிலைமை என்ற இடத்தில் ‘நல்லது’ என்று எழுதினால் திருப்பித் தருவார்.

“நல்லது எண்டது உங்கடை அபிப்பிராயம், மிஸிஸ் சிவா. எனக்கு அது வேண்டாம். கண்ணாலை என்ன பாத்தனீங்களோ அதை எழுதுங்கோ.”

அடியில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று அன்பளிப்பு, மற்றது இரவல். இரவல் என்றால் பொருள் எங்களுடையதில்லை, பிரதி எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

நான் சேர்ந்த நாலாம் மாதம், நகரத்துக்குள் ஒரு தெரு முழுவதையும் இடித்து அடுக்குமாடி கட்டப்போவதாகச் செய்தி வந்தது. அந்தத் தெருவில் ஒரு துணிக்கடைக்குக் கீழே, நிலவறையில், பல வருடங்களுக்கு முன் ஒரு ஜாஸ் இசைக் கிளப் நடந்திருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாதாம். போனவர்கள் எல்லாரும் அதை ‘டவுன்ஸ்டெயர்ஸ்’ என்றே சொல்லியிருக்கிறார்கள். கிளப் மூடிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கட்டடமும் போகப்போகிறது, அதன் ஞாபகப் பொருள்கள் எங்காவது மிச்சம் இருக்கின்றனவா என்று தேடிப் பிடிக்கச் சொல்லி ஹார்வி கோப்பை என்னிடம் தந்தார். கோப்புக்குள் ஒரேயொரு படம். மேடையில் ஐந்து பேர், படத்தின் பின்புறத்தில் நாலு பெயர்.

ஜாஸ் என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. கேட்கவும் பயம். தொலைபேசிப் புத்தகத்தில் அந்த நாலு பெயரையும் தேடி, கூப்பிட வேண்டிய வசனங்களைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாசித்தேன். இரண்டு பேர் தொலைபேசியை வெட்டிவிட்டார்கள். ஒருவர் இறந்துபோயிருந்தார். நாலாமவர், டிரம்ஸ் வாசித்தவர், இப்போது பேருந்து ஓட்டுகிறார் என்று தெரிந்தது. அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு நாய். படலைக்கு வெளியே கால் மணி நேரம் நின்றேன். கடைசியில் அவரே கண்டு இரங்கி வந்து என்னை உள்ளே கூட்டிப்போனார்.

குசினி இழுப்பறைகளுக்குள் கரண்டிகளுக்கு அடியில் விரித்திருந்தவை அந்தக் கிளப்பின் சுவரொட்டிகள். கரண்டியை எல்லாம் மேசையில் கொட்டி ஒவ்வொன்றாக உரித்துத் தந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு பித்தளைத் தகடு எடுத்தார், அதில் 61 என்று வெட்டியிருந்தது.

“கோட்டு வாங்கி வைக்கிற இடத்திலை தாற தகடு. நான் திருப்பிக் குடுக்கேல்லை எண்டு அங்கை நிண்ட டொரீன் இப்பவும் ஏசுவா. அவவைப் போய்ப் பாருங்கோ. அவவிட்டைத்தான் எல்லாம் இருக்கு.”

இப்படித்தான் மரிக்வில்லில் இருந்த டொரீன் வீட்டுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தேன். கிளப் நடந்த காலம் முழுக்க அங்கே வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுத்தவர். எழுபது வயது இருக்கும், ஒல்லி, தலையில் ஒரு முடி கலையாமல் இருந்தார். சேலையோடு நின்ற என்னைக் கண்டு ஒரு கேள்வியும் கேட்காமல், “கோட்டைத் தாங்கோ பிள்ளை” என்று வாங்கி ஆணியில் கொளுவினார். பழக்கதோஷம்.

தகடுகள் ஒரு பிஸ்கட் பெட்டி நிறைய இருந்தன. அவற்றை அன்பளிப்பாகவே தந்துவிட்டார். பிறகு அலுமாரியிலிருந்து ஒரு இசைத்தட்டை எடுத்து வந்தார். காகித உறையில் பச்சையாகப் பூஞ்சணம். அலுமாரி, உடுப்புத் துவைக்கும் அறைச் சுவரோடு ஒட்டியது, ஈரம் இறங்கியிருக்கிறது. ஆனால் உள்ளே தட்டு பளபளவென்று இருந்தது. கடையில் விற்கும் இசைத்தட்டு இல்லை அது. உலோகத் தகட்டில் கறுப்பு லாக்கர் வார்னிஷ் பூசி, கிளப்பிலேயே ஒரு இயந்திரத்தை வைத்து வெட்டியது. உலகத்தில் ஒன்றே ஒன்று.

“என்ரை மகள் ஜீன். அங்கைதான் பாடினவள்” என்றார். “இருபத்தாறு வயசிலை போயிட்டாள். இதை விட்டால் அவளின்ரை குரல் வேறை எங்கையும் இல்லை.”

“போட்டுக் கேக்கிறனீங்களோ?”

“இல்லை. ஒவ்வொருதரம் ஊசி வைக்கேக்கையும் கொஞ்சம் தேயுமாம். அவளின்ரை பிறந்தநாளுக்கு எடுத்துத் துடைச்சு வைக்கிறதோடை சரி. நீங்கள் ரேப் நாடாவிலை எடுத்துத் தந்தியள் எண்டால், பேந்து நான் பயப்பிடாமல் கேக்கலாம். இரண்டாம் பக்கத்தின்ரை கடைசியிலை, பாட்டு முடிஞ்சாப்பிறகு, என்னோடை ஒரு வசனம் கதைக்கிறாள்.”

என்ன வசனம் என்று நான் கேட்கவில்லை. கணவர் வேலைக்குப் போகும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது, ரயிலைத் தவறவிட்டால் பிள்ளையோடு அவர் வாசலில் நிற்பார். அவசரமாகச் சீட்டு எழுதினேன். இரவல் என்று குறி போட்டேன். உறை: பச்சைப் பூஞ்சணம். தட்டு என்ற வரிக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் ஒரு கோடு மட்டும் இழுத்தேன். அந்த வீட்டில் என் காதுத் தோடு அந்தத் தட்டில் தெரிந்ததை நான் பார்த்தேன், டொரீன் பார்த்தார். காகிதத்தில் அது இல்லை.

இனி அலமாரி. பூஞ்சணம் பிடித்த எதையும் ஒலிப்பதிவு அறைக்குள் விடமாட்டார்கள், அது பரவும். அதற்காகக் கீழ்த்தளத்தில் இறுகச் சாத்தும் மர அலமாரி ஒன்று வைத்திருந்தார்கள். உள்ளே குறுக்குச் சட்டங்கள் வைத்த அடுக்குகள். அடியில் ஒரு மின்குமிழ், அதன் மேல் ஒரு சின்னக் கிண்ணம், கிண்ணத்தில் தைமோல் என்ற வெள்ளைக் கற்கள். குமிழ் சூட்டில் கல் ஆவியாகிப் பூஞ்சணத்தைக் கொல்லும். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் குமிழைப் போட்டு அணைக்க வேண்டும், மூன்று நாள். முதல்நாளே ஹார்வி என்னை எச்சரித்திருந்தார்: மூக்கைக் கிட்டே கொண்டு போகக் கூடாது, கையுறை இல்லாமல் தொடக் கூடாது. மற்றவர்கள் கதவைத் திறந்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நிற்பார்கள்.

நான் போகவில்லை. அந்தக் கட்டடத்தில் எனக்குப் பயம் தராத ஒரே இடம் அதுதான். ஏனென்றால் கதவைத் திறந்தால் ஓமம் மணந்தது. அசல் ஓமத் தண்ணீர் மணம். என் மகளுக்கு வயிற்றுக்குத்து வந்தால் நான் கொடுப்பது அது. எனக்கு என் தாய் கொடுத்ததும் அது. ஓமத்தில் இருப்பதும் இந்தத் தைமோல்தான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பச்சைப் பிள்ளைக்குக் கொடுக்கிற சாமான் எதை என்ன செய்துவிடும்? உலகத்தில் எல்லாவற்றுக்கும் பயந்த நான், பயப்பட வேண்டிய ஒன்றுக்குப் பயப்படவில்லை.

புதன்கிழமை உறையை வைத்தேன். தட்டில் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சணம் ஏதும் இருந்தால் அதுவும் போகட்டும் என்று தட்டையும் வைத்தேன். இடம் வசதியாக இருந்தது கீழ் அடுக்கு, குமிழுக்கு நேர் மேலே.

திங்கட்கிழமை காலை திறந்தேன். மேல்பக்கம் கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். திருப்ப முயன்றபோது தட்டு சட்டத்தோடு ஒட்டி, பிறகு ‘சக்’ என்று விட்டது. தைமோல் ஆவியிலும் குமிழ்ச் சூட்டிலும் பூச்சு இளகி, இரண்டாம் பக்கத்தில் மூன்று சட்டங்களும் மூன்று பள்ளமாகப் பதிந்திருந்தன. நடுச் சட்டத்தில் கறுப்புப் பூச்சின் ஒரு பகுதி ஒட்டியே இருந்தது. உள்வட்டத்துப் பூச்சு, பாட்டு முடிகிற இடத்துப் பூச்சு.

அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் நினைத்தது ஜீனையோ டொரீனையோ அல்ல. என் வேலையை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்று நான் வீட்டுக்குப் போனபோது கணவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நின்ற நிலையிலேயே சொன்னேன். அவர் சப்பாத்துக் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“சீட்டிலை என்ன எழுதினனீர்?”

“உறை பூஞ்சணம் எண்டு. தட்டுக்கு ஒண்டும் எழுதேல்லை.”

“அப்ப என்ன பிரச்சினை? பூஞ்சணம் பிடிச்சுத்தான் வந்தது எண்டு சொல்லும். ஈரத்திலை கிடந்தது எண்டு அந்த மனிசியே சொல்லுதே. ஆர் உம்மைக் கேக்கப்போறது?”

“அவ பாத்தவ. நானும் பாத்தனான்.”

“இஞ்சரும், இரண்டு மாதம் தான் கிடக்கு. நிரந்தரமாக்கினாப்பிறகு என்னத்தையும் யோசியும். இப்ப வாயைத் திறவாதையும்.”

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் என்னைப் போலவே பயம், என்ன, ஆம்பிளைப் பயம், குரல் கொஞ்சம் தடிப்பாக வரும். அவர் சொன்னதில் பிழையும் இல்லை. காகிதம் என் பக்கம் இருந்தது. நான் அப்படிச் சொன்னால் ஹார்வி நம்புவார், டொரீனும் நம்புவார்.

டொரீனும் நம்புவார் என்பதில்தான் நான் முட்டிக்கொண்டு நின்றேன். பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டு அதையே யோசித்தேன். வருடா வருடம் துடைத்து வைத்த தட்டு, தன் ஈர அலுமாரிக்குள் இருந்துதான் கெட்டது என்று நம்புவார். மகளின் குரலைத் தானே அழுக விட்டேன் என்று மிச்சக் காலம் முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டிருப்பார். என் வாயிலிருந்து ஒரு வசனம் போதும், அதை அவர் தலையில் சுமத்திவிடலாம். பிள்ளை வாயைத் திறந்துகொண்டு அடுத்த கவளத்துக்குக் காத்திருந்தாள். நான் கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி இருந்தேன்.

செவ்வாய் காலை ஹார்வியின் அறைக்குப் போனேன். சொல்ல வேண்டிய வசனங்களை எழுதி வைத்திருந்தேன், ஆனால் காகிதத்தைப் பார்க்கவில்லை. தட்டை மேசையில் வைத்துத் திருப்பிக் காட்டினேன். அவர் பார்த்தார். ‘டிக்’. கைக்கடிகாரம் மேசைக்கு வந்தது.

“அலமாரியிலை வைச்சது ஆர்?”

“நான்.”

“உள்ளே கொண்டு வரேக்கை எப்பிடி இருந்தது?”

“பளபளப்பாய். என்ரை தோடு தெரிஞ்சது. சீட்டிலை எழுதேல்லை.”

“தட்டை ஏன் வைச்சனீங்கள்?”

இதற்கு ஒரு நல்ல பதில் தயாரித்து வைத்திருந்தேன். வாயிலிருந்து வந்தது வேறு. “அந்த மணம் எங்கடை வீட்டிலை குழந்தைப்பிள்ளையளுக்குக் குடுக்கிற மருந்தின்ரை மணம். அதாலை எனக்குப் பயம் வரேல்லை.”

கடிகார முள் ஓடுவதை நான் பார்த்தேன். பிறகு அவர் சீட்டின் மஞ்சள் துண்டை எடுத்து என் பக்கம் தள்ளினார். “எழுதுங்கோ.”

எழுதினேன். வாசித்துவிட்டு, “‘எங்கள் அலமாரியில் இளகிவிட்டது’ எண்டதோடை நிப்பாட்டலாம். ‘தவறு என்னுடையது’ தேவையில்லை” என்றார்.

“வைச்சது நான்.”

அவர் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே, தகுதிகாண் காலத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டுவதாகச் சொன்னார். அடுத்த நாள் அலமாரிக் கதவில் ‘காகிதம் மட்டும்’ என்று பலகை ஒன்று தொங்கியது. அன்று நான் அவர் அறையை விட்டு வெளியேறப்போனபோது கேட்டார், “அந்த அம்மாவுக்கு ஆர் சொல்றது? நான் போகட்டோ?”

போங்கோ என்று சொல்லத்தான் நாக்குத் துடித்தது. “வாங்கினது நான்” என்றேன்.

அன்றைக்கு மரிக்வில் ஸ்டேஷனிலிருந்து அந்த வீடு வரை நடந்த தூரம் மாதிரி ஒரு தூரத்தை நான் பிறகு நடக்கவில்லை. தட்டைப் புதுக் காகிதத்தில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தேன். டொரீன் கதவைத் திறந்து, கோட்டுக்காகக் கையை நீட்டினார். நான் கழற்றவில்லை. வாசலிலேயே சொன்னேன். ஈரத்தால் இல்லை, உங்கள் அலுமாரியால் இல்லை, நான் செய்தது என்று அதை மட்டும் இரண்டு தரம் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். தட்டை வாங்கித் திருப்பி, பெயர்ந்த இடத்தை விரலால் தொடாமல் பார்த்தார்.

“இனிப் போட ஏலாதோ?”

ஒலிப்பதிவு அறைக்காரர் சொன்னதைச் சொன்னேன். முதல் பக்கத்தைப் பிரதி எடுக்கலாம். இரண்டாம் பக்கத்தை ஒரு தரம் ஓட்டிப் பார்க்கலாம், ஊசி போகப் போகப் பூச்சை உரித்துக்கொண்டே போகும், இரண்டாம் தரம் கிடையாது. ஹார்வி, அது எங்களுடைய பொருள் இல்லை, உடையவர் சொல்லாமல் தொடமாட்டோம் என்று சொல்லியிருந்தார்.

“வியாழக்கிழமை வாறன்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

வியாழக்கிழமை தொப்பி போட்டுக்கொண்டு, தட்டோடு வந்தார். சின்ன ஒலிப்பதிவு அறையில் டொரீன், ஹார்வி, ஒலிப்பதிவுக்காரர், நான் என்று நாலு பேர். ஒலிநாடா சுழலத் தொடங்கியதும் ஊசியை வைத்தார்கள். முதலில் சரசரப்பு, பிறகு ஒரு பெண் குரல். கொஞ்சம் கரகரத்த, அவசரப்படாத குரல். ஒவ்வொரு சுற்றிலும் சட்டம் பதிந்த பள்ளம் வந்து டக், டக், டக் என்று வெட்டியது. அவ்வளவு வெட்டுக்குள்ளும் அவள் பாடினாள். டொரீன் கண்ணை மூடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிகிற இடத்தில் ஊசி துள்ளி, கீறி, வெறும் இரைச்சலுக்குள் போய் விழுந்தது. வசனம் வரவில்லை.

நான் சுவரோடு ஒட்டி நின்றேன். டொரீன் எழுந்து கையுறையைப் போட்டுக்கொண்டு முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தார்.

“நீங்கள்தானே எழுதிற ஆள். எழுதுங்கோ, நான் சொல்லுறன்.”

மஞ்சள் துண்டின் பின்பக்கத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதியதைத் திருப்பி வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். பிறகு சீட்டுப் புத்தகத்தை வாங்கி, இரவல் என்ற கட்டத்தை வெட்டி, அன்பளிப்பு என்ற கட்டத்தில் தானே குறி போட்டார். “இப்பிடி இதை வீட்டிலை வைச்சிருக்க என்னாலை ஏலாது” என்றார். ஒலிநாடாவின் பிரதியை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நத்தாருக்கும் நான் அனுப்பிய கிறிஸ்மஸ் அட்டைகளுக்குப் பதில் வந்ததில்லை. திரும்பி வந்ததும் இல்லை.

பிறகு நான் நிரந்தரமாகி, அந்த அலமாரியும் ஒருநாள் அகற்றப்பட்டது. தைமோல் மனிதருக்கே ஆகாது என்று கண்டுபிடித்தார்களாம். என் வீட்டில் ஓமத் தண்ணீர்ப் போத்தலை அதற்கு வெகுகாலம் முன்பே எறிந்துவிட்டேன். மகளுக்கு அதன் மணம் எப்படி என்றுகூடத் தெரியாது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நிஷாந்தி, “அந்தத் தட்டின்ரை கடைசியிலை ஒண்டும் இல்லை அன்ரி. இப்ப இருக்கிற மெஷினிலையும் எடுக்க ஏலாது. வெறும் நொய்ஸ்தான்” என்றாள்.

“ஓம், எனக்குத் தெரியும். அந்த மஞ்சள் துண்டை ஒருக்காத் திருப்பிப் பார் பிள்ளை.”

காகிதம் சரசரத்தது. தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அழிந்திருந்தால்? பென்சில்தானே. அவள் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள்.

“‘அம்மா, வெளியிலை மழை. என்ரை கோட்டை எடுத்து வையுங்கோ, நான் இப்ப வாறன்.’”